சுட்டவனுக்குச் சிறை, பிடிபட்டு நின்றவனுக்குத் தூக்கு

1952 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில், டாம்வொர்த் ரோட்டில், இரவு ஒன்பதேகால் வாக்கில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பார்லோ அண்டு பார்க்கர் என்ற மிட்டாய்க் கம்பெனியின் கிடங்கு. அதன் கேட்டில் இரண்டு பையன்கள் ஏறிக் குதிப்பதைப் பார்த்து வீட்டில் சொன்னாள். போலீசுக்குத் தகவல் போனது. அன்று இரவே ஒரு போலீஸ்காரர் அந்தக் கிடங்கின் மொட்டை மாடியில் செத்துக் கிடந்தார். மூன்று மாதம் முடிவதற்குள் அந்த இருவரில் ஒருவன் தூக்கில் தொங்கினான். சுட்டவன் அல்ல, மற்றவன்.

டெரிக் பென்ட்லி வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அநியாயமாக ஒரு பையனைக் கொன்றுவிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அது உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. பிரிட்டனில் மரண தண்டனைச் சட்டம் எழுதியிருந்தபடி என்றைக்குமே முழுதாக நடந்ததில்லை. சட்டம் எல்லோரையும் தூக்கில் போடச் சொல்லும். அப்புறம் மேலே இருக்கும் யாரோ ஒருவர் கோப்பைப் புரட்டி, இவன் சாகட்டும், இவன் பிழைக்கட்டும் என்று பிரிப்பார். இருநூறு வருடம் ஓடிய இயந்திரம் அது. பென்ட்லி விஷயத்தில் அது பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் பழுதானது. இந்த வழக்கை அந்த இயந்திரத்தின் கதையாகத்தான் பார்க்கிறேன்.

கூரை மேல்

கிறிஸ்டோபர் கிரெய்கிற்கு 16 வயது. துப்பாக்கிப் பைத்தியம். அன்றைக்கு அவனிடம் இருந்தது குழல் அறுக்கப்பட்ட ஒரு ரிவால்வர். ஆயுதம் ஏந்திக் கொள்ளையடித்ததற்காக அவனுடைய அண்ணனுக்கு மூன்று நாள் முன்புதான் பன்னிரண்டு வருடச் சிறை கொடுத்திருந்தார்கள். போலீஸ் மீது கொலைவெறியில் இருந்தான்.

பென்ட்லிக்கு 19 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. காக்காய் வலிப்பு உண்டு. சிறு வயதில் விழுந்து தலையில் அடிபட்டவன். திருட்டுக் குற்றத்துக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனபோது அவனுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். மதிப்பெண் 66 வந்தது. ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது மனவளர்ச்சி போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பையில் ஒரு கத்தியும், விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துகிற முள் வைத்த இரும்பு வளையமும் இருந்தன. இரண்டும் கிரெய்க் கொடுத்தவை.

முதலில் மேலே ஏறியவர் ஃபேர்ஃபாக்ஸ் என்ற துப்பறியும் காவலர். மழைநீர்க் குழாயைப் பிடித்தே ஏறினார். லிஃப்ட் கூண்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த இருவரில் பென்ட்லியைப் பிடித்தார். பென்ட்லி திமிறி விலகினான். கிரெய்க் சுட்டான். குண்டு ஃபேர்ஃபாக்ஸின் தோளில் பட்டது. அவர் எழுந்து பென்ட்லியை மறுபடியும் பிடித்துவிட்டார்.

இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு சுமார் கால் மணி நேரம் பென்ட்லி போலீஸ் பிடியில்தான் இருந்தான். கத்தியை எடுக்கவில்லை, இரும்பு வளையத்தை மாட்டவில்லை, ஓடவும் முயலவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் காயம்பட்டவர், பென்ட்லி நினைத்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பேசாமல் நின்றான். கூடுதல் போலீசார் வந்து, மாடிப்படிக் கதவைத் திறந்து முதலில் கூரைக்கு வந்தவர் சிட்னி மைல்ஸ். தலையில் குண்டு பாய்ந்து அந்த இடத்திலேயே இறந்தார். குண்டுகள் தீர்ந்ததும் கிரெய்க் கூரையிலிருந்து கீழே குதித்தான். முதுகெலும்பு முறிந்தது, உயிர் தப்பியது.

'கொடு' என்ற வார்த்தை

மூன்று போலீஸ்காரர்கள் நீதிமன்றத்தில் ஒரே சொற்றொடரைச் சொன்னார்கள். பென்ட்லி திமிறியபோது "லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்" என்று கத்தினானாம். பென்ட்லி மறுத்தான். கிரெய்கும் அப்படி ஒன்று கேட்கவே இல்லை என்றான்.

இந்த நாலு வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். நம் 'கொடு'வும் அதே மாதிரிதான். "அவருக்குக் கொடுத்துடுடா" என்றால் கையில் இருக்கும் பொருளைக் கொடு என்றும் அர்த்தம், நாலு சாத்து சாத்து என்றும் அர்த்தம். போலீஸ்காரர் துப்பாக்கியைக் கேட்டிருந்தால், அதைக் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சுடு என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

சொன்னான் என்றே வைத்துக்கொண்டாலும் நேரம் உதைக்கிறது. அந்த வார்த்தை ஃபேர்ஃபாக்ஸ் சுடப்படுவதற்கு முன்னால் வந்தது. மைல்ஸ் செத்தது அதற்குக் கால் மணி நேரம் கழித்து, பென்ட்லி கைதாகி நின்றுகொண்டிருந்தபோது. கூட்டாகத் திருடப் போன இருவரின் 'கூட்டு' எந்த நிமிடத்தில் முடிகிறது? வழக்கின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

1940-இல் இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் வட்டாரத்தில் கிட்டத்தட்ட இதே போல ஒரு வழக்கு. இரண்டு திருடர்கள், ஒரு போலீஸ்காரர் சாவு, கூட்டாளி சொன்னதாகக் கூறப்பட்ட அதே "லெட் ஹிம் ஹேவ் இட்". இருவரையும் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பு சட்டத் தொகுப்புகளில் அச்சாகி, போலீஸ் வட்டாரமும் வக்கீல்களும் அறிந்த ஒன்றாகிவிட்டது. கிராய்டனில் அந்தச் சொற்றொடர் திரும்பி வந்தது தற்செயலா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, நிரூபிக்க வழியில்லை.

வாக்குமூலம்

கிராய்டன் காவல் நிலையத்தில் அன்றிரவு பென்ட்லி கொடுத்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் 582 வார்த்தை. அவன் தானாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம், இடையில் கேள்வியே கேட்கவில்லை என்று போலீசார் சத்தியம் செய்தார்கள்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் அந்த வாக்குமூலத்தை எடுத்து வார்த்தை வார்த்தையாக எண்ணினார். அவர் கண்ணில் பட்டது ஒரு சாதாரணச் சொல்: 'தென்', அதாவது 'அப்புறம்'. சாமானியர்கள் பேசும்போது 'தென் ஐ' என்பார்கள். போலீஸ் அறிக்கைகளில்தான் அது தலைகீழாக 'ஐ தென்' என்று வரும். சாதாரணப் பேச்சில் 'ஐ தென்' சுமார் 1,65,000 வார்த்தைக்கு ஒரு முறை வருகிறது. பென்ட்லியின் வாக்குமூலத்தில் 190 வார்த்தைக்கு ஒரு முறை. நம்மூர் எஃப்.ஐ.ஆர்-இல் ஒரு கூலித் தொழிலாளி "மேற்படி நபர் மேற்படி இடத்தில்" என்று பேசியிருப்பதைப் படித்தால் நமக்கு எப்படிச் சிரிப்பு வருமோ, அப்படித்தான் இதுவும். எழுதப் படிக்கத் தெரியாத பையனின் வாயில் போலீஸ் நடை.

அதைவிட முக்கியமான வரி ஒன்று அதில் உண்டு: அவன் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. 'அந்த' என்ற சுட்டு வருவதால், கிரெய்கிடம் துப்பாக்கி இருந்தது அவனுக்கு முன்பே தெரியும் என்றாகிறது. நீதிபதி இதையே பிடித்துக்கொண்டார். "அவன் துப்பாக்கியைப் பயன்படுத்துவான் என்று உனக்குத் தெரியுமா?" என்று போலீஸ் கேட்டு, "தெரியாது" என்று பென்ட்லி சொல்லியிருந்தால், கேள்வியையும் பதிலையும் ஒட்டி ஒரே வரியாக்கினாலும் இதுதான் கிடைக்கும். கேள்வி இருந்ததா இல்லையா என்பது ஒரு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

ஓல்டு பெய்லியில் மூன்று நாள்

லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில் டிசம்பர் 9 முதல் 11 வரை விசாரணை. ஒரு கொலை வழக்குக்கு மூன்று நாள். நீதிபதியாக உட்கார்ந்தவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி காடார்ட் பிரபு. அப்போது அவருக்கு 75 வயது. தூக்குத் தண்டனைக்குத் தீவிர ஆதரவாளர். ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்னபோது அந்த முள் வைத்த இரும்பு வளையத்தைத் தன் விரல்களில் மாட்டிக் காட்டினார். எவ்வளவு கொடூரமான ஆயுதம் பாருங்கள் என்றார். மைல்ஸின் சாவுக்கும் அந்த வளையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போலீஸ்காரர்களின் வீரத்தைப் புகழ்ந்து, இவர்கள் பொய் சொல்வார்களா என்று கேட்கும் விதத்தில் பேசினார்.

ஜூரி 75 நிமிடத்தில் வெளியே வந்தது. இருவரும் குற்றவாளிகள். பென்ட்லிக்கு மட்டும் கருணை காட்டும்படி ஜூரியே பரிந்துரைத்தது.

அந்தக் காலச் சட்டத்தில் கொலைக்கு ஒரே தண்டனைதான், மரணம். நீதிபதிக்கும் வேறு வழி கிடையாது. ஆனால் கிரெய்கைத் தூக்கில் போட முடியாது. 1908-இல் குழந்தைகள் சட்டம் 16 வயதுக்குக் கீழானவர்களைத் தூக்கிலிருந்து விலக்கியது. 1933-இல் அந்த வயது 18 ஆனது. ஆக, துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டவனுக்கு ராணியார் விரும்பும் காலம் வரை காவல். கைதாகி நின்றவனுக்குக் கயிறு. சட்டப்படி இரண்டுமே சரி. ஜனங்களுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியதும் இதுதான்.

சரி, இதில் ஜூரி என்ன நினைத்திருக்கும்? குற்றவாளி என்று சொல்வோம், ஆனால் சாக விடமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கருணை என்ற இயந்திரம்

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தில் மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்கள் இருநூறுக்கு மேல். ஆடு திருடினால் தூக்கு, ஜேப்படி அடித்தால் தூக்கு. முகத்தில் கரி பூசிக்கொண்டு காட்டில் மான் வேட்டையாடினாலும் 1723-ஆம் வருடச் சட்டப்படி தூக்கு. பின்னால் வந்தவர்கள் இதற்கு 'ரத்தச் சட்டத் தொகுதி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தீர்ப்பானவர்களை எல்லாம் தூக்கில் போட்டார்களா? இல்லை. 1770-இலிருந்து 1830 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண தண்டனை பெற்றவர்கள் ஏறத்தாழ 35,000 பேர் என்றும், தூக்கில் ஏறியவர்கள் சுமார் 7,000 பேர் என்றும் வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மிச்சப் பேர் பிழைத்தது அரசரின் மன்னிப்பால். லண்டன் குற்றவாளிகளின் பட்டியலை நகர நீதி அதிகாரி ஒருவர் எடுத்துக்கொண்டு போய் அரசரின் ஆலோசனைச் சபை முன் வாசிப்பார். பெயர் பெயராக அங்கே முடிவாகும். தப்பியவர்களில் பலர் கப்பலேறினார்கள்: முதலில் அமெரிக்காவுக்கு, 1787-இலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு. 1868-இல் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவில் சேர்ந்தபோது, அந்தக் கண்டத்துக்கு மட்டும் 1,60,000 பேர் அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பயமும் நன்றியும் ஒரே கையிலிருந்து வருவதுதான். கயிற்றைக் காட்டுவதும் அதே பெரிய மனிதர், இறக்கிவிடுவதும் அவரே. ஊர்ப் பண்ணையாரின் சிபாரிசுக் கடிதம் ஒரு உயிரைக் காப்பாற்றும். கடிதம் வாங்க வழியில்லாதவன் போக வேண்டியதுதான்.

1823-இல் இது உச்சத்துக்குப் போனது. பல குற்றங்களில் மரண தண்டனையை வாயால் சொல்லாமல் ஏட்டில் மட்டும் பதிந்துவிட நீதிபதிக்கு அனுமதி கிடைத்தது. ஏட்டில் செத்தவன் நிஜத்தில் கப்பலேறுவான். இப்படி ஒரு நாடகம் எத்தனை நாள் ஓடும்? 1830-களில் குற்றம் குற்றமாகப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1861 வாக்கில் நாலுதான் மிஞ்சின: கொலை, ராஜத்துரோகம், வன்முறையோடு கூடிய கடற்கொள்ளை, அரசுக் கப்பல் துறைகளுக்குத் தீ வைத்தல். கப்பலும் தூக்கும் விட்ட இடத்தைச் சிறை பிடித்தது. 1842-இல் திறந்த பென்டன்வில்லில் ஒவ்வொருவனையும் தனித்தனி அறையில் பூட்டி, அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தை மறைக்கத் தொப்பி மாட்டினார்கள். மனதைத் திருத்துகிறோம் என்றார்கள். அது தனிக் கதை.

1868-இல் தூக்கு சிறைச் சுவருக்குள் போனது. பொதுமக்களுக்கு மிச்சம் வைத்தது ஒரு காகிதம்: தண்டனை நிறைவேறியது என்ற அறிவிப்பைச் சிறைக் கதவில் ஒட்ட வேண்டும். இந்தக் காகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைக்கு மட்டும் தூக்கு என்று சுருங்கிய பிறகும் பழைய இயந்திரம் நிற்கவில்லை. பிரிப்பவர் மட்டும் மாறினார். அரசரின் பெயரில் இப்போது உள்துறை அமைச்சர். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஐம்பது வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண தண்டனை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தூக்கிலிருந்து தப்பினார்கள். பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காது. ஜூரியும் நீதிபதியும் வக்கீலும் ஊர் உலகமும், 'அதுதான் மேலே ஒருத்தர் பார்த்துக்கொள்வாரே' என்ற தைரியத்தில் தீர்ப்புச் சொன்ன காலம் அது.

ஒரு முறை இது அப்பட்டமாக வெளியே தெரிந்தது. 1948 ஏப்ரலில் சிட்னி சில்வர்மன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த, தூக்கை ஐந்து வருடம் நிறுத்தி வைக்கும் திருத்தம், மக்களவையில் 245-க்கு 222 என்று வென்றது. உடனே உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், விஷயம் முடிவாகும் வரை எல்லா மரண தண்டனையையும் குறைத்துவிடுவேன் என்று அறிவித்தார். பிரபுக்கள் சபையில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. எதிர்த்துப் பேசியவர்களில் காடார்டும் ஒருவர். ஜூனில் அந்தச் சபை 181-க்கு 28 என்று திருத்தத்தைத் தூக்கி எறிந்தது. தூக்கு திரும்பி வந்தது. அதே 1948-ஆம் வருடச் சட்டத்தில்தான் நீதிமன்றக் கசையடியும் கடுங்காவலும் ஒழிந்தன. பிரம்பு போய்விட்டது, கயிறு மட்டும் நின்றது.

பதினைந்து நாள்

மேல்முறையீடு 1953 ஜனவரி 13-இல் தள்ளுபடியானது. இனி உள்துறை அமைச்சர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் கையில்.

இந்த மனிதரைச் சும்மா வில்லனாக்கிவிட முடியாது. நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை வரைந்தவர்களில் முக்கியமானவர். ஆனால் 1948 விவாதத்தில், நிரபராதி தூக்கில் தொங்குவதெல்லாம் கற்பனை உலகத்துப் பேச்சு என்ற கருத்தைச் சொன்னவரும் இவர்தான்.

அவர் மேஜையில் இருந்தவை: ஜூரியின் கருணைப் பரிந்துரை, பையனின் மனவளர்ச்சி பற்றிய மருத்துவக் குறிப்புகள், தண்டனையைக் குறைக்கலாம் என்று தன் துறை அதிகாரிகளே சொன்ன யோசனை. எதிர்த் தட்டில் இருந்தது ஒரு போலீஸ்காரரின் பிணம். போருக்குப் பிறகு துப்பாக்கியோடு திரியும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த நேரம். சுட்டவனைத் தூக்கில் போட முடியாத எரிச்சலும் சேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. யாராவது ஒருவர் சாக வேண்டும் என்றால் சட்டம் மிச்சம் வைத்திருந்தது பென்ட்லியைத்தான்.

குறைக்க முடியாது என்று முடிவாயிற்று.

சுமார் 200 எம்.பி.க்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தோடு சில்வர்மன் மக்களவைக்கு வந்தார். சபாநாயகர் அனுமதிக்கவில்லை. தண்டனை நிறைவேறும் முன் அமைச்சரின் முடிவைச் சபை விவாதிக்கக் கூடாது என்பது மரபு. நிறைவேறிய பிறகு விவாதிக்கலாம். செத்த பிறகு பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாட்டின் மக்கள் சபை சொன்னது இப்படித்தான்.

தூக்கிற்கு முதல் நாள் பென்ட்லி வீட்டுக்குக் கடிதம் எழுதினான். எழுதினான் என்பது பேச்சுக்கு. அவன் சொல்லச் சொல்ல சிறைக் காவலர் ஒருவர் எழுதினார். இந்தக் கதையின் உண்மை என்றைக்காவது வெளியே வந்தே தீரும் அம்மா, என்று அதில் ஒரு வரி. அவன் வாழ்க்கையை முடித்த காகிதமும் அவன் சொல்ல இன்னொருவர் எழுதியதாகச் சொல்லப்பட்டதுதான்.

ஜனவரி 28, காலை ஒன்பது மணி. வாண்ட்ஸ்வொர்த் சிறை. தூக்கிலிட்டவர் ஆல்பர்ட் பியர்பாயின்ட். சிறைக்கு வெளியே கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. சொத்துக்குச் சேதம் செய்ததாக இரண்டு பேரைக் கைது செய்து அபராதம் போட்டார்கள். 1868-இல் மக்களை வெளியே நிறுத்திவிட்டுக் காகிதத்தைக் கதவில் ஒட்டினார்கள் அல்லவா? கூட்டம் கதவடிக்கே திரும்ப வந்துவிட்டது.

நாலே வருடம்

பென்ட்லி தூக்கில் ஏறியபோது, மரண தண்டனையை ஆராய அரசே அமைத்த கவர்ஸ் ஆணையம் உட்கார்ந்திருந்தது. 1949-இல் தொடங்கியது, அறிக்கை 1953 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் இன்னொரு குண்டு விழுந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட வழக்கில், குழந்தையின் கொலைக்காக 1950-இல் தூக்கிலிட்ட டிமதி எவன்ஸின் வீட்டிலேயே குடியிருந்த ஜான் கிறிஸ்டி ஒரு தொடர் கொலைகாரன் என்பது 1953 மார்ச்சில் அம்பலமானது. எவன்ஸுக்குக் கருணை மறுத்தவர் சூட்டர் ஈட். தப்புச் செய்துவிட்டேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். 1955-இல், காதலனைச் சுட்டுக் கொன்றதற்காகத் தூக்கில் ஏறிய ரூத் எல்லிஸ். மூன்று சாவும் சேர்ந்து ஜனங்களின் மனதைப் புரட்டிப் போட்டன.

1957-இல் கொலைச் சட்டம் வந்தது. பென்ட்லியை மனதில் வைத்து எழுதியது போல இருக்கும் அதைப் படித்தால். வேறு குற்றம் செய்யும்போது உயிர் போனால் கொலை நோக்கம் இருந்ததாகவே கொள்ளும் பழைய விதி நீக்கப்பட்டது. மனவளர்ச்சிக் குறையால் பொறுப்புக் குறைந்தவனின் குற்றத்தைக் கொலை என்ற நிலையிலிருந்து இறக்கலாம் என்ற பிரிவு வந்தது. ஸ்காட்லாந்தில் இது அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. போலீஸ்காரரைக் கொன்றால் தூக்கு என்பது நீடித்தது. ஆனால் பலர் சேர்ந்த கொலையில், தன் கையால் அடித்தவனுக்கோ கொன்றவனுக்கோதான் தூக்கு. கூட நின்றவனுக்கு இல்லை. இதில் எந்த வழியில் பார்த்தாலும் 1957-இல் பென்ட்லிக்குக் கயிறு கிடையாது. அவன் நாலு வருடம் முந்திக்கொண்டான்.

ஆனால் அந்தச் சட்டமும் கேலிக்கூத்தானது. திருடப் போய்க் கொன்றால் தூக்கு. நிதானமாக விஷம் வைத்துக் கொன்றால் சிறை. 1964 ஆகஸ்ட் 13-இல் லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டதே கடைசி. 1965-இல் சில்வர்மனின் மசோதா சட்டமாகி, கொலைக்குக் கட்டாய ஆயுள் தண்டனை வந்தது. 1969-இல் அது நிரந்தரமானது.

அமைச்சர் விடவில்லை

பலரும் கதையை 1965-இல் முடித்துவிடுகிறார்கள். நான் முடிக்க மாட்டேன். கயிறு போனது, பிரிக்கிறவர் போகவில்லை. ஆயுள் கைதி குறைந்தது எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை 2002 வரை உள்துறை அமைச்சர்தான் முடிவு செய்தார். தண்டனையை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலை அல்ல என்று அந்த வருடம், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் அதற்குக் காட்டிய ஆதாரம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. ஆம், மேக்ஸ்வெல் ஃபைஃப் வரைந்த அதே உடன்படிக்கை.

பென்ட்லியின் அக்கா ஐரிஸ் நாற்பது வருடத்துக்கு மேல் ஓயவில்லை. அமைச்சர் மாற மாற மனு போட்டார். 1966-இல் தம்பியின் உடலைச் சிறை வளாகத்திலிருந்து எடுத்துக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 1992-இல் அப்போதைய அமைச்சர் கென்னத் கிளார்க் மன்னிப்பை மறுத்தார். ஐரிஸ் அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். யாரும் கேள்வி கேட்க முடியாது என்றிருந்த அரச மன்னிப்பு அதிகாரத்தை நீதிமன்றம் முதன்முறையாகச் சட்டத் தராசில் வைத்தது: குற்றமே இல்லை என்ற முழு மன்னிப்பு, அல்லது ஒன்றுமே இல்லை என்று அமைச்சர் நினைத்தது பிழை, தண்டனையை மட்டும் தவறென்று ஏற்கும் மன்னிப்பும் உண்டே என்றது. 1993 ஜூலையில் அது கிடைத்தது. குற்றவாளிதான், ஆனால் தூக்கில் போட்டிருக்கக் கூடாது என்று அர்த்தம். நாற்பது வருடம் தாமதமாக வந்த தண்டனைக் குறைப்பு என்று சொல்லலாம்.

ஐரிஸுக்கு அது போதவில்லை. மறு ஆய்வு ஆணையம் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தீர்ப்பு வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 1997-இல் ஐரிஸ் இறந்துவிட்டார். 1998 ஜூலை 30-இல் தலைமை நீதிபதி பிங்ஹாம் பிரபு தலைமையிலான அமர்வு குற்றத் தீர்ப்பையே ரத்து செய்தது. காடார்ட் ஜூரிக்குச் சொன்ன தொகுப்புரை, ஒவ்வொரு பிரிட்டிஷ் குடிமகனின் பிறப்புரிமையான நியாயமான விசாரணையைப் பென்ட்லிக்கு மறுத்துவிட்டது என்றார் அதே நாற்காலியில் உட்கார்ந்த பிங்ஹாம்.

கூட நின்றவனின் பொறுப்பு என்ன என்ற கேள்வி மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உடன் வந்தவன் கொலை செய்யக்கூடும் என்று முன்னுணர்ந்திருந்தாலே போதும், நீயும் கொலைகாரன் என்ற விதி, 1984-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு வழக்கின் வழியே ஆங்கிலச் சட்டத்துக்குள் நுழைந்தது. அதன் பேரில் பலர் ஆயுள் கைதிகளானார்கள். 2016-இல் ஜோகி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் அங்கே வழி தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது.

கிரெய்க் பத்தரை வருடம் சிறையில் இருந்துவிட்டு 1963-இல் வெளியே வந்து, பிளம்பர் வேலை பார்த்தான். வாண்ட்ஸ்வொர்த் தூக்குமேடை மட்டும் ராஜத்துரோகத்துக்குத் தேவைப்படலாம் என்று 1990-களின் தொடக்கம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இயக்கிச் சோதிக்கப்பட்டு வந்தது. பென்ட்லியின் குற்றத் தீர்ப்பு ரத்தான மறுநாள், 1998 ஜூலை 31-இல், ராஜத்துரோகத்துக்கும் கடற்கொள்ளைக்கும் இருந்த மரண தண்டனையை நீக்கும் சட்டத்துக்கு ராணியின் ஒப்புதல் கிடைத்தது.